அடுத்த வீட்டுக் காதலுக்கு ஓர் அஞ்சலி

சென்னைச் சபா மேடைகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்து, மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் எத்தனையோ குடும்பங்களைச் சனி, ஞாயிறு மாலைகளில் சிரிக்க வைத்த அடுத்த வீட்டுக் காதல் நாடகம் நம்மை விட்டுப் போய்விட்டார். ‘அவர்’ என்றுதான் எழுத வருகிறது. நம் பெற்றோருக்குத் தோழர், நமக்கு வீட்டுப் பெரியவர். எந்த நாளில் மூச்சு நின்றது என்று சொல்வதற்கில்லை. பத்திரிகையில் கறுப்புக் கட்டம் கட்டி அறிவிப்பு வரவில்லை, எந்தச் சபாவும் ஒரு நாள் நிகழ்ச்சியை நிறுத்தி வைக்கவில்லை. சபாவின் மாத அட்டையில் அவர் பெயர் ஒரு வருடம் குறைவாக வந்தது, அடுத்த வருடம் இன்னும் குறைந்தது, பிறகு வராததை யாரும் கேட்கவில்லை. நெடுநாள் படுத்திருந்த பெரியவர்கள் போவது இப்படித்தான். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்குத் தேதிகூடத் தெரிவதில்லை.

அவரைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள் என்று தோன்றவில்லை. இருந்தாலும் பெரியவரின் முகத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வதில் தவறில்லை. இரண்டு வீடு, நடுவே ஒரு மதில். இந்த வீட்டில் பையன், அந்த வீட்டில் பெண். நேற்று வரை ஒரே செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படித்த இரு அப்பாக்கள், இன்று காதல் என்ற சேதி காதில் விழுந்ததும் மதிலுக்கு மேல் இன்னும் இரண்டடி எழுப்பக் கொத்தனாரைத் தேடுகிறார்கள். அம்மாக்கள் மட்டும் கொல்லைப்புறம் வழியாகக் கறிவேப்பிலை கொடுத்து வாங்குவதை நிறுத்துவதில்லை. டெல்லியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வருவதாகத் தந்தி வருகிறது. வருவது மாப்பிள்ளையா, மாப்பிள்ளையின் நண்பனா, நண்பன் போல வந்த கடன்காரனா என்பது யாருக்கும் புரிவதற்குள் இடைவேளை வந்துவிடுகிறது. கடைசிக் காட்சியில் இரண்டு வீட்டாரும் ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு மாறுகிறது. நாம் எழுந்து செருப்பைத் தேடுகிறோம்.

நல்ல குலத்தில் பிறந்தவர். வக்கீலாகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்த பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, பகலில் உத்தியோகம் பார்க்கிறவர்கள் மாலையில் மேடையேறலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்று காட்டினாரே, அந்த வழியில் வந்தவர். முதலியாரின் ‘சபாபதி’ 1941-ல் ஏ.வி. மெய்யப்பன் கையில் படமானபோது அசட்டு ஜமீன்தார்ப் பிள்ளையாகக் கண்ணை விரித்து நின்ற டி.ஆர். ராமச்சந்திரன்தான், 1955-ல் தேவனின் ‘கோமதியின் காதலன்’ படத்திலும், 1960-ல் ‘அடுத்த வீட்டுப் பெண்’ணிலும் காதலிக்கத் தெரியாத காதலனாக வந்தார். காதலில் விழுந்தவன் வீரனாக இருக்க வேண்டியதில்லை, பயந்த சுபாவமும் பெரிய கண்ணும் போதும் என்ற பாடத்தை நம் பெரியவர் அந்த முகத்திலிருந்தே கற்றுக்கொண்டார்.

‘அடுத்த வீட்டுப் பெண்’ணுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1952-ல் வங்காளத்தில் ‘பாஷேர் பாரி’யாகப் பிறந்து, அடுத்த வருடமே தெலுங்கில் ‘பக்கிண்டி அம்மாயி’யாக வளர்ந்து, அதே அஞ்சலி தேவியைக் கதாநாயகியாக அழைத்துக்கொண்டு தமிழுக்கு வந்து, 1968-ல் ‘படோசன்’ என்று இந்திக்குக் குடிபோன கதை அது. பாடத் தெரியாதவன் ஜன்னலில் நின்று வாயசைக்க, பின்னால் ஒளிந்து நண்பன் பாட, எதிர் ஜன்னலில் பெண் மயங்குகிறாள். இந்திக்காரர்கள் அதில் பெண்ணுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் தமிழ் வாத்தியாராக மெஹ்மூதை நிறுத்தி நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். நாமும் அதைப் பார்த்துச் சிரித்தோம். கல்கத்தா ஆனாலும் கோடம்பாக்கம் ஆனாலும் ஜன்னலுக்கு ஜன்னல் எட்டுகிற தூரத்தில் வீடு கட்டினால் இதுதான் நடக்கும் என்பதை நான்கு மொழிக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

சினிமா இவரை விருந்தாளியாகத்தான் வைத்துக்கொண்டது. சொந்த வீடு கொடுத்தது சபா. சுதந்திரத்துக்குப் பிறகு சென்னைக்கு உத்தியோகம் தேடி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அலுவலகம் விட்டதும் ஆறு மணிக்கு மேல் ஒத்திகைக்குக் கூடினார்கள். கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் இருந்தார், நாகேஷ் ரயில்வேயில் இருந்தார், சோ வக்கீல், பூர்ணம் விஸ்வநாதன் டெல்லி வானொலியில் செய்தி வாசித்தவர். 1952-ல் ஒய்.ஜி. பார்த்தசாரதியும் பட்டுவும் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் என்று குழுக்கள் முளைத்தன. அவை எல்லா வகை நாடகமும் போட்டன. கண்ணீரும் போட்டன, அரசியலும் போட்டன. ஆனால் உறுப்பினர் சந்தாவை நம்பிச் சபா நடத்திய காரியதரிசிகளுக்கு ஒரு கவலை இருந்தது. வீட்டுக்கு நான்கு பேர் வருகிறார்கள், பாட்டியும் வருகிறாள், பேரனும் வருகிறான், நால்வரும் ஒரே இடத்தில் சிரிக்க வேண்டும். அந்தக் கவலைக்கு மருந்தாக வந்து நின்றவர் நம் பெரியவர்.

அவருடைய மேடையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்துக்கொள்வோம், இனிப் பார்க்கக் கிடைக்காது. படுதா விலகினால் நடுவில் ஒரு சோபா. எந்தக் குழு வந்தாலும் அதே செட் கான்ட்ராக்டரின் சோபாதான், உறை மட்டும் மாறியிருக்கும். பின்னால் சமையலறைக்குப் போகிற வாசல், அதில் பூப்போட்ட திரை. சுவரில் தேதிக் காலண்டர், ஸ்டூலின் மேல் கறுப்பு டெலிபோன். இரண்டு வீடு காட்ட வேண்டுமானால் மேடையின் குறுக்கே இடுப்பளவு தட்டி ஒன்று, செங்கல் நிறம் பூசியது. இடப்பக்கம் விளக்கு எரிந்தால் அந்த வீடு, வலப்பக்கம் எரிந்தால் இந்த வீடு. எரியாத பக்கத்தில் இருப்பவர்கள் காப்பி டம்ளரை வாயருகே பிடித்தபடி அசையாமல் நிற்பார்கள். தலைக்கு மேலே தொங்கும் மைக்குக்கு நேர்கீழே வந்து நின்றுதான் ரகசியம் பேச வேண்டும் என்பதால், பெண் கேட்கக்கூடாத ரகசியத்தைப் பெண்ணின் தோளுக்குப் பக்கத்தில் நின்று கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொன்னார்கள். அதை நாம் ஒருநாளும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. தட்டி ஆடியபோதும் சிரித்தோம், டெலிபோன் மணி அடிக்கும் முன்பே நடிகர் ரிசீவரை எடுத்தபோதும் சிரித்தோம். அவரும், நம் வீட்டு ஆட்கள்தானே பார்க்கிறார்கள் என்று, மணியைக் குறைசொல்லி ஒரு வசனத்தை அங்கேயே பிறப்பித்துவிட்டு மேலே போனார்.

பெரியவரின் உயிர் இருந்தது கடிதத்தில். இந்த வீட்டில் விகடன் வாங்குவார்கள், அந்த வீட்டில் குமுதம் வாங்குவார்கள், வியாழக்கிழமைக்குள் மாற்றிக்கொள்வார்கள். அப்படிப் போகிற விகடனுக்குள் பையன் ஒரு கடிதத்தை வைக்கிறான். மேலே பெயர் போடவில்லை, யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கீழே கையெழுத்தும் இல்லை, அதே பயம். ‘தினமும் மொட்டைமாடியில் வடாம் காயவைக்கும் அழகைப் பார்த்துப் பார்த்து’ என்று தொடங்குகிற அந்தக் கடிதம், தொடர்கதை படிக்க விகடனைப் பிரிக்கும் அப்பாவின் கையில் விழுகிறது. அந்த வாரம் வடாம் பிழிந்தது அவர் மனைவி. எழுதியது அடுத்த வீட்டு நண்பர் என்று அவர் முடிவு கட்ட, நண்பரோ இவர் முறைப்பதைக் கண்டு, சென்ற மாதம் வாங்கிய கைமாற்றைக் கேட்கத்தான் முறைக்கிறார் என்று நினைத்து, ‘எனக்கும் ஆசை இருக்காதா சார், முதல் தேதி வரட்டும்’ என்கிறார். ஒருவர் கடிதத்தைப் பற்றிப் பேச, மற்றவர் கடனைப் பற்றிப் பேச, கால்மணி நேரம் ஒரு வார்த்தைகூட இடறாமல் இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று பொருந்திப் போகும். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அதன் கஷ்டம். ஒரு வாக்கியம் முன்னே பின்னே போனால் உண்மை வெளிப்பட்டுவிடும், நாடகம் அங்கேயே முடிந்துவிடும்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பெரியவர் நல்ல தெம்போடு இருந்தார். டி.எஸ். ஸ்ரீதர் ‘மெரீனா’ என்ற பெயரில் எழுதிய ‘தனிக்குடித்தனம்’, ‘ஊர் வம்பு’ போன்றவை குடும்பத்தின் சின்னச் சண்டைகளையே கதையாக்கின. மௌலி வந்தார். காத்தாடி ராமமூர்த்தி, தோளைக் குலுக்கி ஒரு பார்வை பார்த்தால் போதும் என்ற நிலைக்கு வந்தார். விசு, கூட்டுக்குடும்பத்தின் கணக்கு வழக்கையெல்லாம் மேடையில் விரித்தார். அவர் மேடைக் கதைகள் ‘குடும்பம் ஒரு கதம்பம்’ (1981), ‘மணல் கயிறு’ (1982) என்று திரைக்கும் போயின. 1976-ல் எஸ்.வி. சேகரின் நாடகப்பிரியாவுக்காக மோகன் என்ற இளம் பொறியாளர் எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’, ஒரு கடலோரப் புறநகரின் பெயரைத் தலைப்பிலேயே ஏற்றியது, எழுதியவருக்கு ‘கிரேஸி’ என்ற பட்டத்தையும் கொடுத்தது. 1979-ல் அவர் சொந்தமாகக் கிரேஸி கிரியேஷன்ஸ் தொடங்கினார். ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ பாலசந்தர் கையில் ‘பொய்க்கால் குதிரை’ ஆனது. அவர் நாடகங்களில் நாயகன் மாது, நண்பன் சீனு, நாயகி ஜானகி. நாடகம் மாறினாலும் பெயர் மாறாது. ஜானகி யாரைக் கட்டிக்கொண்டாள் என்று சென்ற வருட நாடகத்தையும் இந்த வருட நாடகத்தையும் குழப்பிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் வாதாடியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சென்னையோடு பெரியவர் நின்றுவிடவில்லை. பம்பாய் சண்முகானந்தா அரங்கத்துக்கும், டெல்லி தட்சிண பாரத நாடக சபாவுக்கும், திருச்சிக்கும் கோவைக்கும் பெட்டி படுக்கையோடு ரயிலேறினார். ஆடியோ கேசட்டாகி வெளிநாட்டுக்கும் போனார். கண்ணுக்குத் தெரியாத சோபாவையும் கண்ணுக்குத் தெரியாத மதிலையும் கேசட்டில் கேட்டே மனத்தில் கட்டிக்கொண்டு சிரித்தார்கள் அங்கே இருந்தவர்கள்; அவர்கள் விட்டுவந்த தெருவும் அதுதானே. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தபோது, செவ்வாய்க்கிழமை நாடகம் என்று நாள் குறித்து அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தது. தெருவில் டி.வி. வைத்திருந்த ஒரே வீட்டின் கூடத்தில் அண்டை அயல் எல்லாம் தரையில் உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்காரர்கள் சண்டை போடும் நாடகத்தை அடுத்த வீட்டில் பார்த்த காலம் அது.

அவர் செய்த தொண்டைப் பெரிதாகப் பேசினால் அவருக்கே பிடிக்காது. ஆனாலும் சொல்ல வேண்டும். காதல் என்ற சொல்லை வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியாத வருடங்களில், அப்பாவும் அம்மாவும் வயசுப் பெண்ணும் கல்லூரிப் பையனும் ஒரே வரிசையில் உட்கார்ந்து அந்தச் சொல்லைக் கேட்கிற ஒரு மாலையை அவர் ஏற்பாடு செய்து கொடுத்தார். மேடையில் அப்பா வேஷக்காரர் ‘என் பிணத்தைத் தாண்டித்தான்’ என்று குதிக்கும்போது, கீழே நிஜ அப்பாவும் சிரித்தார். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று அவருக்கும் தெரிந்தது, பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கும் தெரிந்தது, இருவரும் தெரியாத மாதிரி இடைவேளையில் போண்டா சாப்பிட்டார்கள். அந்தச் சிரிப்பினால் எந்த வீட்டில் எந்தக் கல்யாணம் நடந்தது என்பதற்குக் கணக்கு கிடையாது. நடந்த வீடுகளுக்குத் தெரியும்.

குறை இல்லாதவர் என்று சொல்லமாட்டோம். நகைச்சுவைத் துணுக்குத் தோரணம் என்று விமர்சகர்கள் சொன்னது பல நாடகங்களுக்குப் பொருந்தியது. கதை காய்ந்த கொடியாக நிற்க, அதில் சிரிப்பை மட்டும் கட்டித் தொங்கவிட்டார்கள். பெண்களுக்கு அவர் போதிய வசனம் தரவில்லை. மேடையேறப் பெண்கள் கிடைப்பது அரிதாக இருந்ததால், கிடைத்த நான்கைந்து பேரே எல்லாக் குழுவிலும் நடித்தார்கள். பல நாடகங்களில் அம்மா திரைக்குப் பின்னாலிருந்து குரலாகவே வாழ்ந்து முடித்தாள். வேலைக்காரியின் பேச்சைப் பார்த்துச் சிரித்ததை இன்று நினைத்தால் நெருடுகிறது. இதைவிடப் பெரிய குறை, அவருடைய இரண்டு வீடும் பெரும்பாலும் ஒரே ஜாதி வீடு. இந்த வீட்டுத் தமிழும் அந்த வீட்டுத் தமிழும் ஒன்று. எவ்வளவு குழப்பம் வந்தாலும் தாம்பாளம் மாறத் தடையிராது என்ற உறுதியோடுதான் அவர் நம்மைச் சிரிக்கவிட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் உண்மையிலேயே வேறு ஜாதி, வேறு மதம் இருந்தால் தமிழ்நாட்டில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஆயுள் நீண்டிருக்குமோ என்னவோ.

நோய் எப்போது பிடித்தது என்று பார்த்தால், எல்லாரும் தொலைக்காட்சியைக் கைகாட்டுவார்கள். அதில் உண்மை உண்டு. 1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்த பிறகு தனியார் சேனல்களும் நெடுந்தொடர்களும் பெருகின. மாலை ஏழு மணி சபாவின் கையை விட்டுப் போனது. நடிகர்கள் படப்பிடிப்புக்குப் போனார்கள். தினப்படி சம்பளம் தருகிற இடத்துக்குப் போனதைக் குற்றம் சொல்ல முடியாது, மேடை அவர்களுக்குப் பெட்ரோல் செலவைக்கூடச் சரியாகக் கொடுத்ததில்லை. இரண்டு குடும்பம், நடுவே ஒரு காதல் என்ற பெரியவரின் சொத்தையே நெடுந்தொடரும் எடுத்துக்கொண்டது. ஆனால் சிரிப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழிவாங்கலை வைத்தது. இரண்டு மணி நேரத்தில் தீர்ந்த மனத்தாங்கல், இரண்டு வருடம் தீராமல் ஓடியது.

ஆனால் அவரை உள்ளே அரித்த நோய் வேறு. கைப்பேசி வந்ததும் கடிதம் தவறான கைக்குப் போவது நின்றது. வீட்டில் டெலிபோன் வருவதற்கு வருடக்கணக்கில் காத்திருந்த நாளில், அடுத்த வீட்டு எண்ணை ‘பி.பி.’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டு விசிட்டிங் கார்டு அடித்தோம். பையனுக்கு வந்த அழைப்பைச் சொல்லப் பெண் மதிலருகே வந்து நின்றாள். பாதி நாடகம் அந்த அழைப்பில் தொடங்கியது. அந்த அழைப்பு இப்போது பையனின் சட்டைப்பையிலேயே ஒலிக்கிறது. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. தவறாகப் புரிந்துகொள்ள ஆள் இல்லாத இடத்தில் நகைச்சுவை நாடகம் என்ன செய்யும்?

பிறகு வீடு போனது. நங்கநல்லூரிலும் ஆதம்பாக்கத்திலும் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில், ரிட்டயரான பணத்தைப் போட்டுக் கட்டிய தனி வீடுகள்தான் அவர் பிறந்து வளர்ந்த தெரு. முன்னால் ஒரு கேட், பக்கத்தில் கிணறு, பின்னால் ஒரு தென்னை, அதன் மட்டை அடுத்த வீட்டுக் கூரையில் விழுவதால் வருகிற தகராறு. தொண்ணூறுகளுக்குப் பிறகு பில்டர்கள் வந்தார்கள். வீட்டுக்காரருக்கு இரண்டு ஃபிளாட், மீதி விற்பனைக்கு. இரண்டு மனையைச் சேர்த்துக் கட்டினால் கார் நிறுத்த வசதி என்றார்கள். இரண்டு அப்பாக்களும் கையெழுத்துப் போட்டார்கள், மதில் இடிந்தது. காதல் வந்தபோதுகூட இடியாத மதில் அது. அந்த மனைகளின் மேல் இப்போது ஒரே கட்டடம் நிற்கிறது. எதிரெதிரே இரண்டு கதவு, இரண்டிலும் உள்பூட்டு, வெளியே ஒரு இரும்புக் கதவு. அமெரிக்காவில் இருக்கும் பையன் வாடகைக்கு விட்டிருக்கிறான். எதிர்க் கதவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் செக்யூரிட்டியைக் கேட்கச் சொல்கிறார்கள்.

கடைசி நாட்களில் அவரைப் பார்க்கப் போனவர்களுக்கு நினைவிருக்கும். அரங்கம் பாதிதான் நிறைந்திருக்கும்; வந்தவர்கள் முன்பே பார்த்தவர்கள். வசனம் வருவதற்கு ஒரு கணம் முன்பே சிரிப்பு வந்துவிடும். மேடையில் கல்லூரி மாணவனாக நடித்தவருக்கு அறுபது கடந்திருக்கும், அதை அவரே ஒரு வசனமாக்கிக் கைதட்டல் வாங்குவார். முன்வரிசையில் நடைக்கோலைச் சாய்த்து வைத்துக்கொண்டு, மகள் ஏற்பாடு செய்த வாடகைக் கார் ஒன்பது மணிக்கு வந்துவிடும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சிரித்தவர்கள் இருந்தார்கள். கிரேஸி மோகனின் ‘சாக்லேட் கிருஷ்ணா’வுக்கு மட்டும் கடைசிவரை கூட்டம் வந்தது, பெரியவருக்கு இடையிடையே வந்த தெளிவு அது என்று இப்போது தெரிகிறது. பூர்ணம் 2008-ல் போனார், நாகேஷ் 2009-ல், பாலசந்தர் 2014-ல், சோ 2016-ல். 2019 ஜூன் 10 அன்று கிரேஸி மோகன் அறுபத்தாறு வயதில் போனார். 2020 மார்ச் 22 அன்று, நாடே மக்கள் ஊரடங்கில் கதவடைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை, விசு போனார். கூட்டுக்குடும்பத்துக்காக அத்தனை வசனம் எழுதிய மனிதரின் வாசலில் கூட்டம் கூட அன்று அனுமதி இல்லை.

சில குழுக்கள் இன்னும் ஒத்திகைக்குக் கூடுகின்றன, கோடை நாடக விழா நடக்கிறது, இளைஞர்கள் எழுதுகிறார்கள். நாடகம் சாகவில்லை. அவர்கள் எழுதுவது வேறு, அதில் தவறில்லை. மதிலருகே நிற்கும் அந்தப் பெண்ணும், விகடனுக்குள் வைத்த கடிதமும், கொத்தனாரைத் தேடும் அப்பாவும் கொண்ட அந்தப் பெரியவர்தான் இல்லை.

அவர் போன பிறகுதான் நமக்கு ஒன்று தெளிகிறது. அவர் நாடகத்தில் நாம் உட்கார்ந்து கவலைப்பட்டது காதலர்களுக்காக அல்ல. அவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்று நோட்டீஸைப் பார்த்தபோதே தெரியும். நாம் கவலைப்பட்டது இருபது வருடம் ஒரே செய்தித்தாளைப் படித்த அந்த இரண்டு அப்பாக்களுக்காக. காதலினால் அவர்கள் பேச்சு நின்றபோது அரங்கத்தில் சிரிப்பு ஒரு நிமிடம் அடங்கியது நினைவிருக்கிறதா? ‘நாளைக்குப் பேப்பர் வேண்டாம்’ என்று ஒருவர் சொல்லி அனுப்புகிற அந்தக் காட்சிதான் அவர் எழுதியதிலேயே சோகமான காட்சி, அதற்கு மட்டும் பின்னணியில் வயலின் வைத்தார். கோபித்துக்கொள்ள உரிமையுள்ள அண்டை வீட்டார் இருந்த வரைக்கும் அவர் இருந்தார். காதல் இன்றும் இருக்கிறது, குடும்பங்களில் சண்டையும் குறையவில்லை. கெட்டுப்போகும் அளவுக்கு அடுத்த வீட்டோடு ஒரு நட்பு வேண்டுமே, அது இல்லாமல்தான் அவர் போனார்.

பெரியவர் சொத்து என்று அதிகம் விட்டுப்போகவில்லை. புகழ்பெற்ற சில நாடகங்கள் புத்தகமாகவும் குறுந்தகடாகவும் கிடைக்கின்றன. மற்றவை அச்சேறவே இல்லை. ஒரு பிரதி கையெழுத்தில், இரண்டு பிரதி கார்பன் வைத்துத் தட்டச்சில், ஓரத்தில் ‘இங்கே சிரிப்புக்கு நிறுத்தவும்’ என்று பென்சில் குறிப்போடு, நடித்தவர்களின் வீட்டுப் பரணில் எங்கோ இருக்கின்றன. வீடு காலி செய்யும்போது பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறுகிறவை அவைதான். உங்கள் அப்பாவோ மாமாவோ ஆபீஸ் விட்டு வந்து நாடகம் போட்டவராக இருந்தால், அந்தப் பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய நாடக நோட்டீஸையும் பாட்டுப் புத்தகத்தையும்கூடக் காப்பாற்றி வைக்கிற இடம். பிரதி கிடைத்தால் அங்கே பேசிப் பாருங்கள், எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.